ஓமத்தீயும் மின்கழிவும்

பழைய வீட்டுக் கணினிகளைத் தேடிப்பிடித்துப் பழுதுநீக்கி மீண்டும் இயக்குவோரைக் கல்விப்புலம் ஒரு புன்முறுவலுடன் கடந்துசெல்கிறது. அஞ்சல்தலை சேர்ப்போருக்குக் கிட்டும் அதே புன்முறுவல். ஏட்டுச்சுவடியின் பூச்சியரிப்பைப் பற்றி ஒரு மணிநேரம் பேசவல்ல மொழித்துறையினர், நெகிழ்வட்டின் பூஞ்சையைப் பற்றிக் கவலைப்படுவோரைச் சிறுபிள்ளைகளாகக் கருதுவது வேடிக்கை. வேடிக்கையோடு நின்றிருந்தால் தாழ்வில்லை.

அவர்கள் செய்வது என்ன? 1984இல் இந்திய அரசு கிளாஸ் திட்டத்தின்வழிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த பிபிசி மைக்ரோ, 32 கிலோபைட் நினைவகம் கொண்ட எட்டுபிட் பொறி. அதன் மின்வழங்கியிலுள்ள வடிகட்டி மின்தேக்கி மூப்பினால் வெடித்துப் புகை கக்கும். ஆகவே மின்னிணைப்புக் கொடுக்குமுன் அதை மாற்றிவிடுவர். பின்னர் வந்த ஐபிஎம் வகைக் கணினிகளில் கேடு வேறு: தாய்ப்பலகையில் பற்றவைத்த நிக்கல்-காட்மியம் மின்கலம் கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும். கடற்காற்றும் இரு பருவமழையும் உள்ள திருவனந்தபுரத்தில் நெகிழ்வட்டில் பூஞ்சை படர்வதும் எளிது. அவ்வட்டை அப்படியே இயக்கியில் இட்டால், படிக்கும் முனை காந்தப்பூச்சையே சுரண்டிவிடும். எனவே உறையைப் பிரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்து, உலர்த்தி, கிரீஸ்வீசல் போன்றதொரு சிறு மின்பலகையின் துணையோடு காந்தமாற்றங்களை உள்ளவாறே படியெடுக்கின்றனர். சுவடிக்கு எண்ணெய் பூசி ஏடு பிரிப்பவரின் கைப்பக்குவத்துக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

இனி, அவ்வட்டுகளில் இருப்பது எது என்று பார்க்கவேண்டும். யூனிகோடு நிலைபெறுவதற்கு முன் தமிழுக்குக் குறியேற்றங்கள் பல. 1984இல் கனடாவில் முனைவர் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, எண்பதுகளின் இறுதியில் வந்த ஜிஸ்ட் அட்டை, 1999 சென்னை மாநாட்டை ஒட்டிய டாம், டாப், இணையத்தில் புழங்கிய திஸ்கி என்று பட்டியல் நீளும். ஒரே 'க' இவற்றுள் பலவற்றில் வெவ்வேறு எண். ஆய்வேடு அச்சாகி நூலகத்தில் உறங்கலாம். அதற்கு அடிப்படையான வட்டாரவழக்குச் சொற்பட்டியலும் களத்தரவும் வட்டிலேயே தங்கிவிட்டன. ஜிஸ்டிலோ எழுத்தை வரைந்தது அட்டையின் சில்லு. கோப்பில் எஞ்சியிருப்பது வெறும் எண். இன்றைய தமிழ் யூனிகோடு அட்டவணையின் வரிசையும் வெற்றிடங்களும் இஸ்கியிலிருந்து வந்தவை. அதைக் குறித்துக் கருத்தரங்குகளில் எழும் ஆவேசத்துக்குக் குறைவில்லை. அப்பொறியில் ஒரு வரியேனும் அடித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

'எமுலேட்டர் போதுமே' என்பது வழக்கமான விடை. எமுலேட்டருக்கு ஊட்டவேண்டிய வட்டுப்படி எங்கிருந்து வரும்? இயங்கும் இயக்கியிலிருந்துதான். பிரிட்டனில் 1986இல் பிபிசி மைக்ரோ குடும்பத்துக் கணினிகளுக்காக லேசர் தட்டுகளில் வெளியான டூம்ஸ்டே தொகுப்பு, பதினைந்தே ஆண்டுகளில் படிக்கவியலாத நிலையை நெருங்கியது. 1086ஆம் ஆண்டின் மூல ஏட்டை இன்றும் படிக்கலாம். எமுலேட்டர்வழி அத்தொகுப்பை மீட்டவர்களுக்கும் முதலில் தேவைப்பட்டது பழுதின்றி ஓடும் பழைய கருவியே.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச்சென்ற உ.வே.சாமிநாதையருக்குக் கிடைத்த விடையைத் தமிழ் படித்தோர் அறிவர். பழுதுபட்ட ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள். அங்கே விதி மீறப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இன்றைய கழிவுக் குழுக்களும் விதியை மீறுவதில்லை. 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் நல்ல விதிகள். ஈயமும் காட்மியமும் மண்ணில் கலக்கலாகாது. ஆனால் அகற்றுமுன் வட்டைப் படியெடுக்காதே என்று எந்த விதி சொன்னது?

பழுதுநீக்குவோர்மீதும் ஒரு குறை உண்டு. கமடோர் 64க்கும் ஸ்பெக்ட்ரத்துக்கும் செலவிடும் அன்பில் பாதியையேனும் மொகாலியில் பிபிசி மைக்ரோவின் இந்திய வடிவாக உருவான யுனிகார்னுக்கும், எவரும் சீண்டாத ஜிஸ்ட் அட்டைக்கும் அவர்கள் காட்டலாம். விளையாட்டு ஓடினால் போதும் என்ற மனநிறைவு விரைவில் வந்துவிடுகிறது.

கணபதி சாஸ்திரி மணலிக்கரையில் கண்ட ஓலைகளிலிருந்து பாசனின் நாடகங்களை 1912 முதல் அச்சேற்றிய நகரம் திருவனந்தபுரம். 1973இல் கெல்ட்ரானும் 1990இல் டெக்னோபார்க்கும் தோன்றியதும் இங்கேதான். காரியவட்டத்தில் சுவடி நூலகமும் மொழியியல் துறையும் ஒரே வளாகத்தில் உள்ளன. அந்நூலகத்தின் ஓர் அறையில் 5.25 அங்குல இயக்கி ஒன்றும் 3.5 அங்குல இயக்கி ஒன்றும் அவற்றை இயக்கும் ஒரு பழங்கணினியும் இருந்தால் போதும். கழிவுப் பட்டியலில் ஒப்பமிடுமுன் ஒவ்வொரு துறையும் தன் வட்டுகளை அங்கே அனுப்பலாம். பழுதுநீக்கத் தெரிந்தவர்களை அழைக்கத் துணைவேந்தரின் ஆணைகூட வேண்டியதில்லை. துறைத்தலைவர் ஒருவரின் கடிதம் போதும்.