வீட்டோடு வந்தவரும் வீட்டுக் கணக்கும்



"வீட்டோடு மாப்பிள்ளை" என்னும் சொல்லை நம் ஊர்களில் யாரும் மரியாதையோடு உச்சரிப்பதில்லை. மயிலாடும்பாறையிலும் வருசநாட்டு மலையடிவாரத்திலும் மனைவி வீட்டில் குடியேறிய ஆணைத் திண்ணைப் பேச்சு சும்மா விடுவதில்லை. கணவன் வீட்டுக்கு வந்த மருமகளுக்கு அந்த ஏளனம் இல்லை, ஆனால் "இது யார் வீடு தெரியுமா?" என்ற கேள்வி அவளை விடுவதில்லை. ஒருவர் வீட்டில் மற்றவர் வந்து வாழும்போது மின்கட்டணம், மளிகை, சிலிண்டர் ஆகியவற்றுக்கு யார் எவ்வளவு தருவது? அதைப் பேசுவதே அன்புக்கு இழுக்கு என்கிறோம். அந்த எண்ணம் தவறு. அது குடும்பங்களைக் கெடுக்கிறது.

யாக்கோபு தன் தாய்மாமன் லாபானின் வீட்டில் வாழ்ந்து, அவனுக்கே மருமகனானவர். தொடக்கத்தில் லாபான் சரியாகவே பேசினான்: உறவினன் என்பதற்காகச் சும்மா உழைக்க வேண்டாம், கூலியைச் சொல் என்றான். ஆனால் சொன்ன சொல்லில் நிற்கவில்லை. 20 ஆண்டுகளில் பத்து முறை தன் சம்பளத்தை மாற்றினான் என்று யாக்கோபு குற்றஞ்சாட்டினார். தகப்பன் தங்களை அந்நியராக எண்ணித் தங்களுக்குரிய பணத்தையும் விழுங்கிவிட்டான் என்று ராகேலும் லேயாளும் கசந்துகொண்டார்கள். முடிவில் மருமகன் சொல்லாமல் புறப்பட்டார். மாமன் ஏழு நாள் பின்தொடர்ந்தான். கற்களைக் குவித்து இருவரும் உடன்படிக்கை செய்தது பிரிகின்ற நாளில்தான். சேர்ந்த நாளிலேயே அப்படியொரு உடன்படிக்கை செய்து அதைக் காத்திருந்தால், ஓட்டமும் துரத்தலும் எதற்கு?

"எல்லாவற்றிலும் பாதிக்குப் பாதி" என்பது நியாயம்போல் தோன்றும். ஆனால் வீட்டுக்கடன் தவணையில் பாதியைக் கட்டுகிறவருக்குப் பத்திரத்தில் பங்கில்லை என்றால், அவர் தன் துணைக்கு வாடகை கட்டுகிறார். நம் ஒன்றியத்தில் ஒருவருக்கு மாதச் சம்பளம் வரலாம். மற்றவருக்கு இலவங்காய் வெட்டும் பருவத்தில்தான் பணம் வரும். மின்கட்டணமோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடும். ஆகையால் பங்கு வருமானத்தின் அளவுக்கும், அது வரும் காலத்துக்கும் ஏற்றதாக இருக்கட்டும்.

பணம் மட்டுமே பங்கு என்று எண்ணுவதும் அநீதி. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். அவ்வாறு ஈடுபடும் ஆண் 97 நிமிடம். மனைவியின் வீட்டுழைப்பும் சொத்துச் சேர்ந்ததற்குக் காரணம் என்று ஏற்று, சொத்தில் அவளுக்குச் சமபங்கு உண்டென 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவ மனைவியின் சம்பாத்தியம் அவளுடைய சொந்தச் சொத்து என்பதையோ 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டமே சொல்லிவிட்டது. நீதிமன்றம் கண்டுகொண்ட உழைப்பை நம் வீடுகள் காணாதிருக்கலாமா?

"அன்பு கணக்குப் பார்க்காது" என்று சிலர் மறுப்பார்கள். அதைச் சொல்பவர் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தில் பெயர் உள்ளவரே அதைச் சொல்லுவார். கோபம் வரும் நாளில், "என் வீட்டில் இருந்துகொண்டு" என்று தொடங்கிக் கணக்கை வாசிப்பவரும் அவரே. எழுதாத கணக்கை வலியவர் தம் விருப்பப்படி கூட்டுவார்; எழுதிய கணக்கில் எளியவருக்கும் இடம் உண்டு.

ஆகையால் இந்த வாரம் இருவரும் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு அமருங்கள். வரவு, செலவு, வீட்டுவேலை மூன்றையும் எழுதுங்கள். வீடு யாருடையது என்பதை மறைக்காமல் பேசுங்கள். வெள்ளாமை வீடு வந்தபின் மறுபடி அமர்ந்து திருத்துங்கள். வந்தவர் விருந்தாளியாகவும் வேண்டாம், குடிக்கூலி தருபவராகவும் வேண்டாம், குடும்பமாக இருக்கட்டும். உங்கள் இல்லங்களில் சமாதானம் தங்குவதாக. ஆமென்.