நிழலில் வடக்கு, தெற்கு வேண்டாம்

சென்னையில் கிண்டி ரேஸ் கிளப் வசமிருந்த 160 ஏக்கர் நிலத்தைத் தமிழக அரசு 2024 செப்டம்பரில் மீட்டது. அதில் 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்துப் பசுமைப் பூங்கா அமைப்பதாக அடுத்த மாதமே அறிவித்தது. நடு நகரில் அவ்வளவு நிலம் கட்டடமாகாமல் தப்பியதை நாம் மனமார வரவேற்கிறோம். அதே அக்டோபரில் கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்காவுக்கு எதிரிலேயே கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் திறக்கப்பட்டது. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய்.

இரண்டு பூங்காக்களும் அமையும் இடத்தைப் பாருங்கள். கிண்டியில் ஏற்கெனவே 270 ஹெக்டேர் தேசியப் பூங்கா இருக்கிறது. ஒட்டினாற்போல் ஆளுநர் மாளிகைத் தோட்டமும் ஐஐடி வளாகமும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி பிரம்மஞான சபையின் பெருந்தோப்பு, அடையாறு தொல்காப்பியப் பூங்கா. மரம் இருக்கும் பக்கமே மேலும் மரம் சேர்கிறது. வடக்கே புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலுமோ வெயிலுக்கு ஒதுங்க ஒரு வேம்பைத் தேடி நடக்க வேண்டியிருக்கிறது. தி.மு.க. 1949இல் பிறந்த ராபின்சன் பூங்கா ராயபுரத்தில் இருக்கிறது, மாதவரத்தில் தாவரவியல் பூங்கா வந்திருக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். இரண்டு பெயரைச் சொல்லி வட சென்னையின் கணக்கை நேர்செய்துவிட முடியாது.

வடக்கே இடமில்லை என்று அதிகாரிகள் கைவிரிப்பது வழக்கம். இடம் ஏன் இல்லாமல் போனது? துறைமுகமும் ரயில்வே யார்டுகளும் மணலியின் ஆலைகளும் எண்ணூர் அனல்மின் நிலையங்களும் கொடுங்கையூர் குப்பைமேடும் அந்தப் பக்கமே வைக்கப்பட்டன. ஊருக்கெல்லாம் வேண்டியதை வடக்கு சுமந்தது. விதிகளும் அதற்கு உதவவில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைப்பிரிவாக்கினால் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். ஆனால் புதிய மனைப்பிரிவு வரும் இடத்துக்குத்தான் அது பூங்கா தரும். பல தலைமுறைகளாக நெருங்கி வாழும் தொழிலாளர் தெருக்களுக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் அதனால் ஒரு சென்ட் நிலம்கூட வராது.

இதைவிட நம்மை வேதனைப்படுத்துவது இன்னொன்று. கூவம், அடையாறு சீரமைப்பின் பெயரால் கரையோரம் இருந்த பல ஆயிரம் குடும்பங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, பெரும்பாக்கம் போன்ற தொலைதூரக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. அவர்கள் விட்டுவந்த கரைகளில் மரக்கன்றுகள் நடப்பட்டன, வேலி போடப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்ததோ வரிசை வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகள், இடையே சிமென்ட் தரை. கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. சுவர்களில் 2020இல் அழகான ஓவியங்கள் தீட்டினார்கள். சுவருக்கு வண்ணம் வந்ததுபோல் தெருவுக்கு நிழலும் வந்திருக்க வேண்டாமா? யாரை அப்புறப்படுத்தி நகரம் பசுமையாகிறதோ அவர்களுக்கே அந்தப் பசுமையில் முதல் பங்கு என்பது நியாயத்தின் குறைந்தபட்சக் கோரிக்கை.

மரம் பார்வைக்கு அழகு என்ற அளவில் மட்டும் பேசும் காலம் போய்விட்டது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் தமிழக அரசே அறிவித்திருக்கிறது. அதில் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் நிர்ணயித்திருக்கிறது. ஏசி உள்ள வீட்டுக்காரருக்கு வெயில் ஒரு தொல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கைக்குழந்தையோடு இருப்பவருக்கும், மீன் கூடையை நடைபாதையில் இறக்கி விற்பவருக்கும், பகல் முழுக்கத் தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளருக்கும் அது உயிர்ப் பிரச்சினை. இறந்த பிறகு 4 லட்சம் தர ஒப்புக்கொண்ட அரசு, அவர் வேலை செய்த தெருவில் நான்கு புங்கை மரங்களை வளர்க்கவும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வளர்க்க வேண்டும் என்றே சொல்கிறோம். நடுவிழாவில் போட்டோ எடுத்துக்கொண்ட கன்று அடுத்த கோடையைத் தாண்டுவது அரிது. வேரைச் சுற்றிக் கழுத்துவரை சிமென்ட் பூசினால் எந்த மரம் நிற்கும்? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதை ஊர் மறக்கவில்லை. பூவரசு, புங்கை, வேம்பு, நாவல் என மண்ணோடு பழகிய மரங்களை நட்டு, மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றுவதற்கு அந்தந்தத் தெருவாசிகளையே சம்பளத்துக்கு அமர்த்தலாம். மெட்ரோ ரயிலுக்காக வெட்டும் மரத்துக்கு ஈடான கன்றை வேறெங்கோ கொண்டுபோய் நடுவதும் நிற்க வேண்டும். நிழலை இழந்த தெருவுக்கே அது சேர வேண்டும்.

இடத்துக்கும் வழி இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓரங்களில், குடியிருப்போரை விரட்டாமலே, வரிசையாக மரம் வைக்கலாம். மாநகராட்சிப் பள்ளி மைதானங்களின் ஓரங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகக் கொடுங்கையூர் இருக்கிறது. அங்கே பல பத்தாண்டுக் குப்பையைப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது. மீளும் இடத்தில் குப்பை எரியுலை வைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அவர்கள் பக்கமே நாமும் நிற்கிறோம். எரியுலைத் திட்டத்தை மாநகராட்சி கைவிட்டு, அந்த நிலத்தைக் கட்டணமில்லாத பொதுப் பூங்காவுக்கு ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். 200 வார்டுகளிலும் எத்தனை மரம், எவ்வளவு நிழல் என்று எண்ணிக் கணக்கை வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் கடைசியில் நிற்கும் வார்டுகளுக்கே அடுத்த நிதியாண்டின் பூங்கா நிதியில் பெரும்பகுதி போக வேண்டும்.