‘தட்’ படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் எது கஷ்டம் என்று கேட்டால் பலர் டென்ஸ் என்பார்கள். சிலர் ‘எ’, ‘தி’ எங்கே போடுவது என்பதே தகராறு என்பார்கள். என் கணக்கில், நம்மவர்கள் காலை அதிகம் வாரிவிடுவது ‘தட்’ என்ற சின்னச் சொல்தான். அதுவும் ஐ, ஹி, யூ போன்ற பிரதிப்பெயர்களோடு கூட்டுச் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்குக் காரணம், பள்ளிக்கூடத்தில் ‘தட்’ என்றால் ‘என்று’ என ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது. அங்கேதான் வினை ஆரம்பம்.

‘நான் பாக்கியைக் கட்டிவிடுகிறேன் என்று சொன்னார்.’ இதில் வரும் ‘நான்’ யார்? சொன்ன அந்த ஆசாமி. தமிழில் அவர் வாய் வார்த்தையை அப்படியே எடுத்து வைத்து, பின்னால் ‘என்று’ போட்டு முடிக்கிறோம். ‘என்’ என்றால் சொல்லுதல். அதிலிருந்து வந்ததுதான் ‘என்று’. ஆக, அது கிட்டத்தட்ட மேற்கோள் குறி மாதிரி.

‘தட்’ அந்த வம்சமே இல்லை. அது ‘அது’ என்று சுட்டிக்காட்டும் சொல்லாக இருந்து பிறகு இணைப்புச் சொல்லானது. அதற்குப் பின்னால் வருவது அந்த ஆளின் வார்த்தை அல்ல; சொல்கிறவனாகிய என் வார்த்தை. எனவே அங்கே ‘ஐ’ வந்தால் அது நான்தான்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு சக ஊழியர் கோப்பில் இப்படி எழுதினார்: ‘தி பார்ட்டி செட் தட் ஐ வில் பே தி பேலன்ஸ் ஆன் ஃப்ரைடே.’ தணிக்கைக்கு வந்தவர் படித்துவிட்டு, “பார்ட்டி கட்ட வேண்டிய பாக்கியை நீங்கள் ஏன் கட்டுகிறீர்கள்?” என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு. அந்த மனிதருக்கு எழுத்து மூலமாக விளக்கம் கொடுக்கும் வேலை. ‘ஹி’, ‘வுட்’ என்று இரண்டே சொற்களை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும்.

பேச்சில் ‘தட்’டையே விழுங்கிவிடுவார்கள். ‘ஹி செட் ஐ ஷுட் பே’ என்றால் பணம் கட்ட வேண்டியது நான். தமிழ்க் காதுக்கு அவர் கட்டுவதாகப்படலாம். கடன் யார் தலையில் என்பதே மாறிப்போகிறது.

அப்படியானால் ‘தட்’டுக்குத் தமிழில் ஜோடியே இல்லையா? இருக்கிறது. ‘தான் பாக்கியைக் கட்டிவிடுவதாகச் சொன்னார்.’ செய்தித்தாளில் தினமும் படிக்கிறோமே, அந்த ‘-ஆக’தான். அங்கே ‘நான்’ போய்த் ‘தான்’ வந்துவிடுகிறது, ஆங்கிலத்தில் ‘ஐ’ போய் ‘ஹி’ வருவதைப் போல. இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பாதி பாரம் குறையும் என்பது என் கட்சி.

‘அண்ட்’ சேர்ந்தால் இன்னொரு சிக்கல். ‘பணம் கட்டிவிட்டதாகவும், ரசீது இருப்பதாகவும் சொன்னார்’ என்கிறோம். இரண்டு ‘-ஆகவும்’ இருப்பதால் இரண்டும் அவர் சொன்னவை. ஆங்கிலத்தில் ‘ஹி செட் தட் ஹி ஹேட் பெய்ட் அண்ட் ஹி ஹேட் எ ரிசீட்’ என்று எழுதினால், ரசீது இருப்பதாக அவர் சொன்னாரா, அல்லது எழுதியவரே பார்த்து உறுதி சொல்கிறாரா? ‘அண்ட் தட்’ என்று இன்னொரு ‘தட்’ போட்டால் சந்தேகம் தீரும். வாக்குமூலம், புகார் மனு எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது ‘தட்’டில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

ஒரு விஷயத்தில் நம் கை ஓங்கியிருக்கிறது. ‘ராமன் கோபாலிடம் தன் தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னான்.’ யார் தம்பி? ராமனுடைய தம்பி. ஆங்கிலத்தில் ‘ஹிஸ் பிரதர்’ என்றால் ராமன் தம்பியா, கோபால் தம்பியா என்று ஆங்கிலேயரே விழிக்க வேண்டியதுதான். அங்கே வெட்கப்படாமல் பெயரையே மறுபடி எழுதிவிடுவது உத்தமம்.

ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று அபராதம் போடும் பள்ளிகள் உண்டு. வாயை அடைக்கலாம், மனசு தமிழில் வாக்கியம் கட்டுவதை எப்படி அடைப்பார்கள்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளையே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச் என்று ‘செட் டு’வை ‘டோல்டு’ ஆக்கி மார்க் வாங்குவது பரீட்சையோடு போய்விடும். ‘இந்த ஐ யார்?’ என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளும் பழக்கம், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் வயது வரைக்கும் கூட வரும்.