சொன்ன தேதியில் வராத வீடு

செகந்திராபாத் வட்டாரத்தில் இருபது வருஷம் உழைத்த தமிழர் யாரைக் கேட்டாலும் ஒரு வீட்டுக் கதை சொல்வார். லாலாகுடாவிலோ மாரேட்பள்ளியிலோ வாடகைக்கு இருந்துகொண்டு, பிராவிடண்ட் பண்டில் எடுத்து, மனைவியின் வளையலை அடகு வைத்து, பாங்கிக் கடனும் வாங்கி ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் கட்டியிருப்பார். சொன்ன தேதி வந்து போயிருக்கும், வீடு வந்திருக்காது. மாதம் பிறந்தால் ஒரு கையால் வாடகை, மறு கையால் பாங்கித் தவணை.

நானும் அவர்களில் ஒருவன். ரயில்வேயில் குமாஸ்தா. 2016ல் நகரின் வடகிழக்கே எழும்பிய ஒரு கட்டடத்தில் வீடு பதிவு செய்தேன். 2019 டிசம்பரில் சாவி என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தார்கள். தேதி கடந்ததும் நாங்கள் கம்பெனி ஆபீசுக்கு ஒவ்வொருவராகத்தான் போனோம். ஒருவரிடம் மணல் கிடைக்கவில்லை என்றார்கள். இன்னொருவரிடம் அனுமதி தாமதம் என்றார்கள். கொரோனா வந்த பிறகு எல்லோருக்கும் கொரோனா. என்னிடம் மானேஜர், "சார், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், தீபாவளிக்குள் சாவி" என்றார். அந்த "உங்களுக்கு மட்டும்" என்பதை அவர் நாற்பது பேரிடம் சொல்லியிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பணம் கட்டியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். நான் போகவில்லை. பேச்செல்லாம் தெலுங்கில் இருக்கும். நமக்கு ஏன் இந்த ஊர் வம்பு. என்றைக்கிருந்தாலும் ஊருக்குத் திரும்பப் போகிறவர்கள்தானே என்று இருந்துவிட்டேன். இதே நினைப்பில் இன்னும் நான்கு தமிழ்க் குடும்பங்கள் ஒதுங்கி நின்றன. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

சட்டம் தரும் வழி

வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, அதில் குறை இருந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வசதிகள் செய்து தருவதாகச் சொல்லி விற்கும் மனைகளுக்கும் இது பொருந்தும் என்று 2012ல் தீர்ப்பு வந்தது. நார்னே கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கு என்ற அது, நம் ஹைதராபாத்திலிருந்து டில்லி போன வழக்கு. "ரேரா சட்டம் வந்துவிட்டதே, இனி நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதே" என்று சில கம்பெனிகள் வாதாடின. முடியும் என்று 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதையும் தீர்த்து வைத்தது.

இன்று நடைமுறையில் இருப்பது 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அமலுக்கு வந்தது 2020 ஜூலை 20. சேர்ந்து போக இதில் இரண்டு வழி உண்டு. பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் சிலர் கமிஷனின் அனுமதி பெற்று வழக்காடுவது ஒன்று. சிலர் கூடித் தங்களுக்காக மட்டும் ஒரே மனுவாகப் போடுவது மற்றொன்று.

பெங்களூர் பிரிகேட் கம்பெனி வழக்கில் 51 வீடுகளை வாங்கிய 91 பேர், 1,134 வீட்டுக்காரர்களுக்காகவும் பேசுவதாக மனுப் போட்டார்கள். எல்லோருடைய குறையும் ஒன்றே என்று மனுவில் காட்டவில்லை, ஆகவே எல்லோருக்காகவும் பேச முடியாது என்றது சுப்ரீம் கோர்ட். ஆனால் மனுவைத் தூக்கி எறியவில்லை. அந்த 91 பேரின் கூட்டு மனுவாக அது நடக்கலாம் என்று 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே கட்டடத்தில் உள்ள அத்தனை பேரும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் ஒன்றாக நின்றாலே போதும்.

பிரித்தால் யாருக்கு லாபம்?

அதே பெங்களூரில் டி.எல்.எஃப். சதர்ன் ஹோம்ஸ் மீது 339 பேர் வழக்குப் போட்டார்கள். தாமதத்துக்குச் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 1,500 சதுர அடி வீடானால் 7,500 ரூபாய். அதுவே போதும் என்று 2019ல் தேசிய கமிஷன் மனுவைத் தள்ளியது. அவர்கள் விடவில்லை; சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2020 ஆகஸ்ட் 24ல் அந்த 5 ரூபாய்க்கு மேல், கட்டிய பணத்துக்கு 6 சதவீத வட்டியும் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கம்பெனியுடன் தனியாகச் சமரசம் எழுதிக் கொடுத்த 11 பேருக்கும், வீட்டு உரிமையை விற்றுவிட்ட 3 பேருக்கும் அந்த வட்டி இல்லை என்று அதே தீர்ப்பு கூறுகிறது. மற்றவர்களோடு கடைசி வரை நின்றவர்களுக்கே அது கிடைத்தது.

தனிச் சமரசம் செய்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர், வேலை போனவர், கையில் கிடைப்பதை வாங்கிக்கொள்ளத்தான் பார்ப்பார். எங்கள் கட்டடத்திலும் மூன்று மாத வாடகை தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று தனித்தனியே கூப்பிட்டார்கள். நான் வேண்டுவது இவ்வளவுதான்: கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளை உடன் இருப்பவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள். கம்பெனிக்கு வக்கீல் உண்டு, கணக்கர் உண்டு, காத்திருக்க அவகாசமும் உண்டு. நமக்கு இருக்கும் ஒரே பலம் எண்ணிக்கைதான்.

ஊரில் வாங்கியவர்களுக்கு

தாம்பரம் பக்கமோ ஆவடி பக்கமோ வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு இங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் பலர். வழக்கென்றால் வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்கு ஓட வேண்டுமே என்று அஞ்சியே சும்மா இருக்கிறார்கள். ரயில்வேக்காரனான எனக்குப் பாஸ் உண்டு, லீவு ஏது? புதிய சட்டம் இந்தக் கஷ்டத்தைத் தீர்த்திருக்கிறது. மனுதாரர் குடியிருக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ மனுப் போடலாம். ஹைதராபாத்தில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி மேல் வழக்குத் தொடரலாம். கட்டிய தொகை 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட கமிஷனில் கட்டணம் ரூ.1,000. குறை ஏற்பட்ட 2 வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. வீடு தராதவரை குறை தொடர்வதாகக் கோர்ட்டுகள் கருதியிருந்தாலும், அதை நம்பித் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம் அல்ல.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வருஷங்கள் ஆகின்றன. இதை மறைத்து ஆசை காட்ட நான் விரும்பவில்லை. எங்கள் மனுவும் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் 2021ல்தான் அவர்களோடு சேர்ந்தேன். கூட்டத்தில் பேசுவது எனக்கு முழுவதும் புரியவில்லை. ஆனால் நாற்பது பேருடைய ரசீதுகளும் ஒரு சாக்குப் பையில் கிடந்தன. தேதிவாரியாக அடுக்கி, யார் எவ்வளவு கட்டினார் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தாவுக்குத் தெரிந்த வேலை அதுதானே. வக்கீலுக்கு முதலில் வேண்டியிருந்ததும் அதுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் வரத் தாமதமானால் தெலுங்குக்கார நண்பர்கள் போன் செய்து கூப்பிடுகிறார்கள்.

உங்கள் கட்டடத்திலும் அப்படி ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். அடுத்த ஞாயிறு தயவுசெய்து போங்கள். போகும்போது ரசீதுகளை எடுத்துச் செல்லுங்கள்.