தீட்டுப்பட்ட பியானோ

சென்ற வாரம் பியானோ இசைத்தட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரான்ஸ் தேசத்து டெபுஸி 1908-ல் வெளியிட்ட 'குழந்தைகளின் மூலை' என்ற வரிசையில் கடைசி உருப்படி. திண்ணைக்கு வந்த நண்பர், திருநெல்வேலியில் ஒரு சங்கீத சபையின் கமிட்டிக்காரர், இரண்டு நிமிஷம் பொறுத்தார்.

"என்னவே இது, கரகாட்டத்துக்கு அடிக்கிற மாதிரி? நல்ல வாத்தியத்தில் கலப்படம் பண்ணினால் தீட்டு இல்லையா?" என்றார்.

அந்தத் தீட்டோடுதான் எனக்குச் சண்டை.

அந்த உருப்படிக்கு ஆதாரம் 'கேக்வாக்'. அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பு மக்கள் எஜமானர்களின் மிடுக்கு நடையைக் கேலி செய்து ஆடிய ஆட்டம். இடது கை காலப்பிரமாணம் பிசகாமல் நடக்கும். வலது கை அடிக்கு முன்னும் பின்னும் விழுந்து விளையாடும். அதீத எடுப்பையும் அனாகத எடுப்பையும் ரசிப்பவருக்கு இதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது? அந்த மக்களிடமிருந்து ராக்டைம் வந்தது, ஜாஸ் வந்தது. 1919-ல் ஸ்ட்ராவின்ஸ்கி அந்த நடையில் பியானோவுக்கு எழுதினார். பிராகில் பிறந்த ஷுல்ஹாப் 1926-ல் ஜாஸ் பயிற்சிகளே எழுதினார்.

தூய்மை பேசியவர்கள் சும்மா இருந்தார்களா? 1938-ல் டூஸல்டார்பில் நாஜிகள் 'சீரழிந்த இசை' என்று பொருட்காட்சி வைத்தார்கள். ஜாஸும் யூதர் இசையும் அங்கே குற்றவாளிகள். யூதரான ஷுல்ஹாப் 1942-ல் அவர்களுடைய முகாமில் காசநோயால் மாண்டார்.

எங்கோ நடந்த கதை என்பீர்கள். நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவுக்கே வருவோம். எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்த பாலுஸ்வாமி தீட்சிதர் பிடில் கற்றது ஓர் ஐரோப்பியரிடம். 1835-ல் எட்டயபுரத்தில் காலமான அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீட்சிதர் ஆங்கில பாண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் செய்தார். பிடில் இல்லாத கச்சேரியை என் நண்பர் ஒப்புவாரா?

இனி தாமிரபரணிக் கரையூர்களின் கோயில் கொடைகளைப் பாருங்கள். நையாண்டி மேளத்தில் ஒலிப்பதும் நாகசுரமும் தவிலும்தான். கூடப் பம்பையும் உறுமியும். விடிய விடிய வாசிக்கிற அந்தக் கலைஞர்களுக்கு நண்பருடைய சபை மேடை கிடையாது. துரைமாரிடம் வாங்கினால் வளர்ச்சி. நாம் கீழே உட்கார்த்தி வைத்தவனிடம் வாங்கினால் கலப்படம்! சங்கீத சாஸ்திரத்தில் எங்கே இருக்கிறது இந்தக் கணக்கு?

டெபுஸியையும் தப்பவிட மாட்டேன். உருப்படியின் தலைப்பிலுள்ள 'கோலிவாக்', கறுப்பரைக் கேலிப்படுத்தும் பொம்மை. தாளத்தை வாங்கிக்கொண்டு, தந்தவர்களுக்குப் பொம்மை முகத்தைக் கொடுத்தார். வாங்குவது குற்றமல்ல, தந்தவனை அவமதிப்பதுதான் குற்றம்.

ஆகவே நண்பரிடம் ஒன்றுதான் கேட்டேன். வருகிற நவராத்திரியில் நையாண்டி மேளத்துக்கு ஒரு முழு மாலை வேண்டும். அழைப்பிதழில் கலைஞர்களின் பெயர் வேண்டும். மற்ற வித்வான்களுக்குக் கொடுக்கும் அதே சன்மானமும் வேண்டும்.

"யோசிப்போம்" என்று செருப்பை மாட்டினார்.

தாராளமாக யோசிக்கட்டும். அதுவரை சங்கீதத்தின் தூய்மையைப் பற்றி என் திண்ணையில் பேச வேண்டாம்.