நடப்பதும் குற்றமா?

ஆங்கிலேயரைப் பற்றி உலகம் ஒரு சித்திரம் தீட்டி வைத்திருக்கிறது. வரிசையில் பொறுமையாக நிற்பார். வாய் திறந்து குறை சொல்லார். பிரபுவைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார். சட்டம் என்றால் தலை வணங்குவார். கலகம் என்பது அவர் இரத்தத்திலேயே இல்லை! இந்தச் சித்திரத்தைத் தீட்டியவர்கள், பெரும்பாலும் மாளிகைச் சன்னலிலிருந்து பார்த்தவர்கள். ஆலை வாயிலில் நின்று பார்த்தால் வேறொரு இங்கிலாந்து தெரியும்.

மாஞ்செஸ்டர், ஷெபீல்டு என்ற இரு தொழில் நகரங்களுக்கு நடுவே கிண்டர் ஸ்கௌட் என்றொரு மலைமேடு இருக்கிறது. உயரம் 636 மீட்டர். ஆறு நாள் புகையிலும் இரைச்சலிலும் உழைத்த பாட்டாளி, ஏழாம் நாள் நல்ல காற்றைத் தேடிப் போகக்கூடிய தூரம். ஆனால் 1932-இல் அந்த மலையில் அவன் கால் வைக்கக்கூடாது! ஏன்? மலை டெவன்ஷயர் கோமகனுக்குச் சொந்தம். அங்கே கிரௌஸ் என்ற பறவை வளர்கிறது. ஆகஸ்டு 12-ஆம் நாள் வேட்டைக்காலம் தொடங்கும். அன்று பிரபுவும் அவருடைய விருந்தினரும் துப்பாக்கியோடு வருவார்கள். ஆண்டில் சில நாட்கள் நடக்கும் அந்த விளையாட்டுக்காக, ஆண்டு முழுவதும் மலைக்குக் காவல்! பறவைக்கு இடமுண்டு, பஞ்சாலைத் தொழிலாளிக்கு இடமில்லை!

இந்த நிலமெல்லாம் பிரபுக்களிடம் வந்து சேர்ந்தது எப்படி? 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றிற்று பார்லிமெண்டு. 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்திலொரு பங்குக்கும் மேல், இவ்விதம் அடைக்கப்பட்டது. ஊராருடைய மாடு மேய்ந்த பொதுநிலத்துக்கு வேலி போட்டவன் சட்டத்தின் பிள்ளை. அந்த வேலியைத் தாண்டியவன் அத்துமீறியவன்! சட்டம் செய்தவர் யார் என்று கேட்டால், சட்டம் யாருக்காக என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. நாட்டில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையின்றித் திண்டாடிய காலம். ஹேபீல்டு என்ற ஊரருகே சுமார் 400 பேர் கூடினார்கள். பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞர் கல்லுடைக்கும் குழியொன்றில் நின்று பேசினார். பிறகு எல்லோரும் மலையேறினார்கள். காவலாட்கள் தடியோடு மறித்தார்கள். கைகலப்பு நேர்ந்தது, காவலாள் ஒருவர் காயமடைந்தார். கூட்டம் நிற்கவில்லை, மேலே சென்றது. மறுபுறமிருந்து ஏறி வந்த ஷெபீல்டுத் தோழர்களோடு கைகோத்துவிட்டுத்தான் இறங்கியது.

கீழே காத்திருந்தது போலீஸ். ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். பிறர் நிலத்தில் நடப்பது அன்றைய சட்டப்படி சிறைக்குரிய குற்றமல்ல. அது சிவில் வழக்கு. எனவே சட்டவிரோதக் கூட்டம், கலகம் என்று குற்றச்சாட்டு வந்தது! டெர்பி நீதிமன்றத்தில் ஐவருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நடைப்பயணிகளின் பழைய சங்கங்களே இந்தக் கிளர்ச்சியை ஆதரிக்கவில்லை. 'மனுக் கொடுப்போம், மரியாதையாகப் பேசுவோம், காரியம் கெட்டுவிடும்' என்றன. காரியம் கெட்டதா? ஐவர் சிறை சென்ற செய்தி, அதுவரை அக்கறையற்றிருந்தவர்களையும் தட்டி எழுப்பிற்று. 1949-இல் தொழிற்கட்சி ஆட்சி தேசியப் பூங்காச் சட்டம் கொண்டுவந்தது. 1951-இல் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. எங்கே? கிண்டர் ஸ்கௌட் அடங்கிய அதே மலைநாட்டில்! 2000-இல் திறந்தவெளி மேடுகளில் நடக்கும் உரிமையே சட்டமாயிற்று. கிளர்ச்சி மட்டுமே இதையெல்லாம் தந்தது என்று சொல்லமாட்டோம். மனுவும் உதவிற்று, பார்லிமெண்டும் உதவிற்று. ஆனால் மனுவுக்கு முதுகெலும்பு தந்தது மலையேறிய கால்கள்!

2002-இல் எழுபதாம் ஆண்டு நினைவு விழா. அன்றைய டெவன்ஷயர் கோமகன், மலைக்குச் சொந்தக்காரராயிருந்தவரின் பேரன், மேடைக்கு வந்து பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பாராட்டுவோம்; மனம் திருந்துவது நல்லதே. ஆனால் அதைக் கேட்க ராத்மன் இல்லை. அதே ஆண்டு சனவரியில் அவர் மறைந்துவிட்டார். சிறை உடனே வந்தது. மன்னிப்பு வர எழுபது ஆண்டு பிடித்தது. ஆளும் வர்க்கத்தின் நாகரிகம் இப்படித்தான் நடைபோடுகிறது!

வேலை முடிந்துவிட்டதா? இல்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்டது இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்குதான். அண்டையிலுள்ள ஸ்காட்லாந்தோ, 2003-இல் பெரும்பாலான நிலத்தில் நடக்கும் உரிமையைச் சட்டமாக்கிவிட்டது. டார்ட்மூர் மேட்டில் இரவு கூடாரமடித்துத் தங்கும் உரிமைக்காக உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 மே மாதந்தான் அது நிலைநாட்டப்பட்டது.

தோழர்களே! 'இந்த நாட்டான் அடங்கிப் போகிறவன், அது அவன் பிறவிக்குணம்' என்று எவராவது சொன்னால், அந்தக் குணத்தால் இலாபம் யாருக்கு என்று கேளுங்கள். அடக்கம் பிறவியில் வருவதல்ல. வேலி போட்டவன் கற்றுக்கொடுத்தது. கற்றதை மறக்கவும் முடியும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, 400 பேர் காட்டினார்கள்.