22 கிலோ போதுமாக இருந்தது



ஓய்வு பெற்ற பிறகு என் பழைய காரை நானே பழுது பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆயில் மாற்றிய படம், பிரேக் பேட் மாற்றிய படம் எல்லாம் போட்டு லைக் வாங்கியிருக்கிறேன். இது அந்த மாதிரிப் பதிவு இல்லை.

சென்ற ஆண்டு முன் சக்கர ஆக்சிலின் ரப்பர் பூட் கிழிந்துவிட்டது. மாற்றினேன். கடைசியாக ஹப் நட்டை முறுக்க வேண்டும். காருக்கான புத்தகத்தில் 215 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்த டார்க் ரென்ச் 110 வரைதான். ‘இறுக்கமாக இருந்தால் சரி’ என்று ஸ்பானர் பிடியில் ஒரு மீட்டர் இரும்புப் பைப்பைச் செருகி, அதன் நுனியில் ஏறி நின்றேன். நட்டு கிறீச்சென்று திரும்பி நின்றது. பரம திருப்தி.

மூன்று மாதம் கழித்து வேறு வேலைக்காக அந்த நட்டைக் கழற்றினேன். ஆக்சிலின் மரையும் சேர்ந்து உரிந்து வந்தது. ஆக்சிலையே மாற்ற வேண்டியதாயிற்று. பணம் போனால் போகட்டும். அந்த மூன்று மாதமும் அதே காரில்தான் பேத்தியைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டேன். நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றிரவு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். உங்களுக்கு நான் நடத்திய அதே திருப்புத்திறன்தான்: விசை பெருக்கல் தூரம். என் எடை 62 கிலோ. 9.8 ஆல் பெருக்கினால் சுமார் 608 நியூட்டன். பைப் ஒரு மீட்டர். ஆக 608 நியூட்டன் மீட்டர். தேவைப்பட்டதோ 215. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! அந்த நுனியில் 22 கிலோ போதும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஏறி நின்றிருந்தாலே வேலை முடிந்திருக்கும். யூனிட் எழுதாவிட்டால் அரை மார்க் குறைத்த வாத்தியார், கணக்கே போடாமல் பைப்பில் ஏறினேன்.

நாம் நினைப்பது போல இறுக்கம் என்பது பலம் இல்லை. முறுக்கும்போது போல்ட் மிகச் சிறிய அளவு நீள்கிறது. ஸ்பிரிங் போல மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசைதான் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. குறைந்தால் நட்டு தளரும். மிஞ்சினால் உலோகம் நீண்டது நீண்டதுதான், திரும்பாது. இன்னொன்று: நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும். அதனால் புத்தகம் சொல்லாமல் மரையில் எண்ணெய் தடவாதீர்கள். உராய்வு குறைந்தால், அதே அளவு முறுக்கிலேயே போல்ட் அதிகமாக நீளும்.

“எங்கள் தெரு மெக்கானிக் முப்பது வருடமாகக் கையாலேயே முறுக்குகிறார், சார்” என்பீர்கள். அவர் கை ஆயிரக்கணக்கான நட்டைப் பார்த்த கை. நாமோ இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஸ்பானர் எடுப்பவர்கள். தவிர, 200க்கு மேல் போனால் யார் கையாக இருந்தாலும் பைப் வேண்டும். பைப்புக்கு அளவு தெரியாது.

ஆகவே என் கட்சி இதுதான். பல சின்னக் கார்களின் வீல் நட்டு 85 முதல் 110 வரைதான். அதைத் தாராளமாக வீட்டிலேயே செய்யுங்கள், ரென்ச் வைத்து. அதற்கு மேற்பட்டதற்கு அந்த அளவு எட்டும் ரென்ச் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். முடியாவிட்டால் ஒர்க்ஷாப்பில் விட்டு, “எத்தனை நியூட்டன் மீட்டர் வைத்தீர்கள்?” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரில் இவ்வளவு விசையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், கார் சரிந்துவிடும்.

நான் இப்போது பெரிய ரென்ச் ஒன்று வாங்கிவிட்டேன். பக்கத்தில் இருப்பவர்கள் வந்து எடுத்துப் போகலாம். திருப்பிக் கொடுத்தால் போதும்.

“மரை கழண்டது காருக்கு மட்டும்தானா?” என்று வீட்டுக்காரம்மா கேட்கிறார். அதற்குப் பதில் எழுத வேண்டாம். உங்கள் காரின் ஹப் நட்டுக்கு எத்தனை என்று புத்தகத்தைப் பார்த்துக் கீழே எழுதுங்கள். யூனிட்டோடு.